உப்புக்காற்றில் உழைக்கும் கத்தி

மடக்காக் கத்தி என்பது அலகும் பிடியும் அசைவில்லாமல் ஒன்றாக நிற்கும் கத்தி. மடக்குக் கத்தியில் உள்ள கீல், பூட்டு, சுருள்வில் எதுவும் இதில் கிடையாது. கழன்றுபோக ஒன்றுமில்லை, மணல் புகுந்து இறுக இடமில்லை. இளநீர் சீவும் அரிவாள், படகில் கயிறு அறுக்கும் கத்தி, வங்காளிக் குடும்பங்கள் ‘தா’ என்று சொல்லும் வெட்டுக்கத்தி, கூர்க்கா வீரரின் குக்ரி, ‘டாக்டிக்கல்’ என்ற பெயரில் கறுப்பு உறையோடு விற்பனைக்கு வரும் ராணுவ பாணிக் கத்தி எல்லாமே இந்த இனம்தான்.

இவற்றில் எது நீடித்து உழைக்கும் என்பதைக் கத்தியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது எந்த ஊரில், எந்தக் காற்றில், எந்த வேலைக்கு இருக்கப்போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹட் பே இதற்கு நல்ல உரைகல்.

2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், நாகப்பட்டினத்தின் அட்சரேகையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே கொட்டும். ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ.; சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு. ஊரைச் சுற்றித் தென்னையும் பாக்கும் வாழையும், அதற்கப்பால் மழைக்காடு, ஓடைமுகங்களில் அலையாத்தி மரங்கள். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிக் குடும்பங்களும், கார் நிகோபாரிலிருந்து வந்து ஹர்மிந்தர் பேயில் குடியேறிய நிகோபாரிகளும் இங்கே தோட்டத்தையும் கடலையும் நம்பி வாழ்கிறார்கள். கத்திக்கு இங்கே ஓய்வில்லை. காலையில் கொடி வெட்டும், பகலில் இளநீர் சீவும், மாலையில் மீன் அறுக்கும்.

காற்றே முதல் எதிரி

அலை கரையில் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்துகள்களாகின்றன. கரையோரத்தில் திறந்து கிடக்கும் எந்தப் பொருளின் மேலும் அவை படிகின்றன. மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் உப்பு கசிந்து நீர் விடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஹட் பேயில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் இந்த எல்லைகளுக்கு மேல்தான் இருக்கும். ஆகவே கத்தியை ஒருமுறை கடல்நீரில் நனைத்துவிட்டுக் கழுவாமல் தொங்கவிட்டால், பார்வைக்குக் காய்ந்தாலும் அது காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று அதன்மேல் எப்போதும் இருக்கும்.

அந்தப் படலத்தில் நடப்பதை ஒரே ஒரு துளியில் காணலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. மெருகேற்றிய இரும்புத் தகட்டில் உப்புநீர்த் துளி ஒன்றை வைக்க வேண்டும். துளியின் விளிம்பு மெல்லியது. அங்கே காற்றின் ஆக்சிஜன் எளிதாகக் கரையும். நடுப்பகுதி தடிமனானது, அங்கே ஆக்சிஜன் குறைவு. இந்த வேறுபாட்டால் துளியே ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. நடுவில் இரும்பு கரைந்து எலெக்ட்ரான்களை விடுகிறது. விளிம்பில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. உப்பு இரும்பைத் தின்பதில்லை. மின்னோட்டம் எளிதாகப் பாய வழிவிடுவதே அதன் முதல் வேலை. துருவைத் துடைத்துப் பார்த்தால் வளையத்தின் நடுவில் சிறு குழி இருக்கும். கத்தியைக் கெடுப்பது மேலே தெரியும் பழுப்பு நிறத்தைவிட இந்தக் குழிதான். அது வாய்ப்பகுதியில் விழுந்தால் கூர் போகும். முதுகில் விழுந்தால் விரிசல் அங்கிருந்து தொடங்கும்.

எல்லாக் கறுப்பும் துருவல்ல. இளநீர் மட்டையும் வாழைத்தண்டும் வெட்டிய அரிவாள் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். அவற்றின் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்புச் சேர்மமாகிறது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்து மை தயாரித்ததும் இதே வேதியியல்தான். இந்தக் கறுப்பு அலகோடு ஒட்டிக்கிடக்கும், உதிராது, பெரிதாகக் கெடுதலும் செய்யாது. ஆனால் உப்புநீரைத் தடுக்கும் வலிமை அதற்கில்லை.

இரும்பும் எவர்சில்வரும்

கத்தி எஃகுகளை இரண்டு பெரும் வகையாகப் பிரிக்கலாம். முதலாவது கார்பன் எஃகு. இதில் இரும்போடு 0.5 முதல் 1 சதவீதம் வரை கார்பன் இருக்கும். லாரியின் வில்பட்டையை அறுத்து அரிவாள் அடிப்பது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வழக்கம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்களுக்கும் வில்பட்டைதான் மூலப்பொருள். மேடுபள்ளத்தில் லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்தும் முறியாமல் இருக்கவென்றே உருவாக்கப்பட்ட எஃகு அது. கத்தித் தொழிலில் 5160 என்று எண்ணிட்டு அழைக்கப்படும் எஃகும் வில்பட்டை வகையே. 0.6 சதவீதக் கார்பனும் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான குரோமியமும் கொண்டது. 1095 என்பது 0.95 சதவீதக் கார்பன் உள்ள எளிய எஃகு. கூர் நன்றாக ஏறும், ஆனால் துருவுக்கு எளிதில் இரையாகும்.

இரண்டாவது துருப்பிடிக்கா எஃகு. குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால் எஃகின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறினாலும் தானே மீண்டும் மூடிக்கொள்ளும் படலம் அது. வீட்டு எவர்சில்வர் டம்ளர் பளபளப்பாக இருப்பது இதனால்தான். அப்படியானால் கத்தியையும் அதே எவர்சில்வரில் செய்யலாமே என்று தோன்றும். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த பாத்திர எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் கூர் அரைமணி நேரமும் நிற்காது. கத்திக்கு வேண்டிய கடினம் வர வேண்டுமானால் கார்பனைக் கூட்ட வேண்டும். கார்பனோ குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு துகள்களாக மாற்றிவிடும். அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. 12 சதவீதக் குரோமியம் இருந்தும் டி2 என்ற எஃகு ஈரக்காற்றில் புள்ளி விழுவதற்குக் காரணம் இதுதான். அதில் கார்பன் 1.5 சதவீதம்.

இந்த இழுபறிக்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்று நைட்ரஜன். கார்பனில் ஒரு பங்கைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்தால் கடினமும் கிடைக்கும், குரோமியமும் விடுதலையாக இருக்கும். சுவீடனின் சாண்ட்விக் நிறுவனம் உருவாக்கிய 14சி28என் எஃகில் 0.62 சதவீதக் கார்பன், 14 சதவீதக் குரோமியம், சிறிதளவு நைட்ரஜன். எல்சி200என் என்ற எஃகில் கார்பன் 0.3 சதவீதம்தான்; நைட்ரஜன் சுமார் 0.5 சதவீதம். கடலில் முக்குளிப்பவர்களின் கத்திகளில் வரும் எச்1 எஃகு இன்னொரு வழியில் போகிறது. உலையில் அல்ல, குளிர்ந்த நிலையில் உருட்டி நசுக்கியே அதைக் கடினமாக்குகிறார்கள். உப்புநீரில் எல்சி200என், எச்1 இரண்டும் அநேகமாகத் துருவே பிடிப்பதில்லை.

துருப்பிடிக்கா எஃகும் ஹட் பேயில் முழுக்கத் தப்பிப்பதில்லை. குளோரைடு அயனி குரோமியப் படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைத் துளைத்துவிட்டால் அங்கே ஊசிமுனை அளவில் ஆழமான குழி விழும். மேற்பரப்பு பளபளவென்றே இருக்கும். உள்ளே துளை வளர்ந்துகொண்டிருக்கும். குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன் மூன்றும் கூடக் கூட இந்தக் குழியரிப்பு குறையும்.

கடினமும் உறுதியும் ஒன்றல்ல

கத்தியைப் பற்றிப் பேசும்போது மிகுதியாகக் குழம்புவது இந்த இரண்டு சொற்களில்தான். கடினம் என்பது பதிவை, தேய்வை எதிர்க்கும் தன்மை. உறுதி என்பது அடியை வாங்கி முறியாமல் நிற்கும் தன்மை. கண்ணாடி கடினமானது, உறுதியற்றது. ஈயம் முறியாது, ஆனால் நகம் பட்டாலே பதியும். கத்தி இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

கடினத்தை அளக்க ராக்வெல் சி அளவுகோல் பயன்படுகிறது. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் சுமையில் எஃகின்மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். வெட்டுக்கத்திகளுக்கு 45 முதல் 54, காட்டுவேலைக்கான நடுத்தரக் கத்திகளுக்கு 56 முதல் 59, சமையலறை மெல்லிய கத்திகளுக்கு 60க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. எண் கூடினால் கூர் நீண்ட நேரம் நிற்கும். கணுவில் பட்டால் வாய் சில்லாகத் தெறிக்கும். எண் குறைந்தால் வாய் மடங்கும். மடங்கியதைக் கல்லில் இரண்டு இழுப்பில் நிமிர்த்திவிடலாம். மருத்துவமனையும் பட்டறையும் தொலைவில் இருக்கும் இடத்தில் மடங்கும் கத்தி, முறியும் கத்தியைவிட மேல்.

உலையும் தோய்ச்சலும்

எந்த எஃகு என்பதைவிட அது எப்படிக் காய்ச்சித் தோய்க்கப்பட்டது என்பதே கத்தியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. வில்பட்டை எஃகைச் சுமார் 830 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சினால் அதன் அணுக்கள் வேறொரு அடுக்குக்கு மாறி, கார்பன் முழுவதும் அதற்குள் கரைந்துவிடும். பட்டறையில் வெப்பமானி இருக்காது. கொல்லர் நிறத்தைப் பார்ப்பார். காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பவரும் உண்டு. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே போனால் வேண்டிய வெப்பம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்த நொடியில் எண்ணெயில் தோய்த்தால் கார்பன் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்கிறது. அடுக்கு முறுக்கேறி மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பு பிறக்கிறது. இந்த நிலையில் கத்தியைக் கீழே போட்டால் கண்ணாடிபோல் உடையலாம். ஆகவே 200 டிகிரியை ஒட்டி மீண்டும் இதமாகச் சூடேற்றி முறுக்கைத் தளர்த்துவார்கள். கைதேர்ந்த கொல்லர் வாயை மட்டும் தோய்த்து முதுகை மென்மையாக விட்டுவிடுவதும் உண்டு. வாய் கடினமாக இருந்து வெட்டும். முதுகு அடியை வாங்கிக்கொள்ளும்.

கார்பன் குறைந்த இரும்புக்கு இந்த வித்தை பலிக்காது. அந்தமான் பழங்குடிகளின் இரும்பு இதற்குச் சான்று. இரும்பை உருக்கத் தெரியாத அவர்கள், கரையில் ஒதுங்கிய கப்பல்களின் ஆணியையும் பட்டையையும் எடுத்துக் குளிர்ந்த நிலையிலேயே தட்டி, கல்லில் தேய்த்து அம்புமுனையும் வாய்ச்சியும் செய்தார்கள். அதற்கு முன்பு சிப்பி ஓடும் எலும்பும் மூங்கில் சீவலும் அவர்களுக்குக் கத்தியாக இருந்தன. 1981இல் வடக்கு சென்டினல் தீவின் பவளப்பாறையில் தரைதட்டிய ‘பிரிம்ரோஸ்’ என்ற சரக்குக் கப்பலின் இரும்பும் அப்படியே தீவினரின் கருவிகளாயிற்று. கப்பல் உடலின் இரும்பில் கார்பன் குறைவு. உலையில் இட்டுத் தோய்த்தாலும் அது பெரிதாகக் கடினமாகியிருக்காது. தட்டித் தட்டி இறுக்கி, அடிக்கடி கல்லில் தீட்டி வேலை வாங்கியதுதான் அந்த இரும்புக்குப் பொருத்தமான வழி.

கனமும் வளைவும்

அலகின் தடிமனைக் கொஞ்சம் கூட்டினாலும் அதன் விறைப்பு மும்மடிக் கணக்கில் கூடும். 3 மி.மீ. அலகை 6 மி.மீ. ஆக்கினால் வளைவை எதிர்க்கும் திறன் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்காகிறது. ஆனால் தடிமனான அலகு வெட்டுவதில்லை, பிளக்கிறது. தேங்காயை உடைக்கும், தக்காளியை நசுக்கும். பொதுவான காட்டுவேலைக்கு 10 முதல் 13 செ.மீ. நீளமும் 3 முதல் 4 மி.மீ. தடிமனும் உள்ள அலகு போதுமானது.

வெட்டுக்கத்தியின் கணக்கு வேறு. வீச்சின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. எடையைக் கண்டபடி கூட்டினால் கை சோர்ந்து வேகம் விழும், மொத்தத்தில் நட்டம். அரிவாளும் குக்ரியும் இதை வடிவத்தால் சமாளிக்கின்றன. முன்பகுதி அகன்று கனத்திருப்பதால் எடையின் மையம் கையிலிருந்து விலகி நிற்கிறது; அந்த இடம்தான் வீச்சில் வேகமாகப் போகும் இடம். உள்வளைந்த வாய் வெட்டுபொருளைப் பிடித்து இழுத்தபடி அறுக்கிறது. நேராக அழுத்துவதைவிட இழுத்து அறுப்பது எளிது என்பது அரிவாள்மனையில் காய் நறுக்கியவர்களுக்குத் தெரியும்.

வாயின் கோணமும் வேலைக்கேற்ப மாறும். பக்கத்துக்கு 15 டிகிரி சமையலறைக்கு. 20 டிகிரி பொதுவேலைக்கு. கணு, கட்டை வெட்ட 25 டிகிரி. முதுகில் ரம்பப்பல் வெட்டிய கத்திகள் மிரட்டலாகத் தெரியும். அந்தப் பற்கள் பெரும்பாலும் மரத்தை அறுக்காது. ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசலுக்கு வாசலாகும்.

பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி

அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் போகும் இரும்பை வால் என்று சொல்லலாம். மடக்காக் கத்திகள் பெரும்பாலும் முறிவது இந்த இடத்தில்தான். வால் பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் இருந்து, இரண்டு பக்கமும் பிடித்தகடுகள் ஆணியால் அறையப்பட்டிருந்தால் அது மிக வலுவானது. பிடியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் இரும்புக் கோடு தெரியும். ஒல்லியான வால் பிடிக்குள் செருகப்பட்டிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. நன்றாகச் செய்தால் அதுவும் உழைக்கும். ஆனால் அலகும் வாலும் சேரும் மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் விசை முழுவதும் அந்த மூலையில் குவியும். மூலையை உருட்டி விட்டிருப்பதே நல்ல வேலைக்கு அடையாளம்.

1982இல் வந்த முதல் ராம்போ படத்துக்குப் பிறகு பிடிக்குள் தூண்டில், தீக்குச்சி வைக்கும் குழல்பிடிக் கத்திகள் உலகெங்கும் விற்றன. மலிவுச் சரக்கில் அலகு குழலோடு ஒரு மரையாணியால் மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். முதல் விறகிலேயே ஆடத் தொடங்கும்.

ராணுவக் கத்திகளிலும் சண்டைக்கானது வேறு, வேலைக்கானது வேறு. 1941இல் பிரிட்டிஷ் கமாண்டோ படைக்காக வந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் குத்துவாள் இருபக்கமும் கூர்மையான ஒல்லி அலகு கொண்டது. பெட்டியை நெம்பினால் முனை முறிந்துவிடும். 1942இல் அமெரிக்க மரைன் படைக்கு வந்த காபார் கத்தி ஒரு பக்கம் மட்டும் கூர், 7 அங்குல அலகு. பசிபிக் தீவுகளில் குழி தோண்டவும் டப்பா திறக்கவும் விறகு பிளக்கவும் அதுவே பயன்பட்டது. முகாமுக்கும் காட்டுக்கும் கத்தி தேடுபவருக்கு இரண்டாவதுதான் முன்மாதிரி. கறுப்புப் பூச்சு வெயிலில் மின்னுவதைத் தடுக்கும், அலகின் பக்கங்களைத் துருவிலிருந்தும் காக்கும். தீட்டிய வாயில் பூச்சு இல்லை. துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பிடியும் உறையும்

மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஊதலும் சுருக்கமும் மாறி மாறி நடந்தால் ஆணி தளரும். நன்றாக உலர்ந்த, எண்ணெய் ஊறிய கடினமரம் தாங்கும். துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மிக்கார்ட்டா, கண்ணாடியிழையால் ஆன ஜி10 இரண்டும் நீரைக் குடிக்காதவை. மிக்கார்ட்டா ஈரக் கையிலும் வழுக்காது. பித்தளைப் பூண் அழகுதான். உப்புநீர் பட்டால் பித்தளையும் எஃகும் மின்கலம்போல் இணைந்து எஃகு வேகமாக அரிபடும். இங்கே துருப்பிடிக்கா ஆணியே உத்தமம்.

தோல் உறை ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். கத்தியைத் தோல் உறைக்குள்ளேயே மழைக்காலம் முழுவதும் வைத்தால், எடுக்கும்போது இரண்டுமே கெட்டிருக்கும். கைடெக்ஸ் போன்ற பிளாஸ்டிக் உறையில் அந்தத் தொல்லை இல்லை. அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். மணல் புகுந்தால் அலகைக் கீறும். அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

வாங்கும்போது பார்ப்பவை

கடையில் கருவி எதுவும் இல்லாமலே சில சோதனைகள் செய்யலாம். அலகை வாய் மேலாகப் பிடித்துக் கண்ணுக்கு நேரே நீட்டினால் கோணல் தெரிந்துவிடும். பிடியைப் பிடித்து அலகின் முதுகைக் கட்டையில் தட்டினால் இறுகிய கத்தி ஒரே ஒலி கொடுக்கும். தளர்ந்த கத்தி கடகடக்கும். நல்ல அரத்தின் கடினம் ராக்வெல் 65ஐ ஒட்டியது. வாயருகே அரத்தை மெல்ல இழுத்தால், 58 உள்ள எஃகில் அது வழுக்கும். தோய்ச்சல் இல்லாத இரும்பில் கடித்துப் பொடி விழும். நடுத்தரத் தோய்ச்சல் உள்ள வெட்டுக்கத்தியில் லேசாகக் கடிக்கும்; அது குறையல்ல. பழைய வில்பட்டையில் அடித்த கத்தியானால் முதுகையும் பக்கங்களையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். லாரியில் ஓடிக் களைத்த பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கலாம்.

ஹட் பே போன்ற இடத்தில் ஒரே கத்தி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தோட்டத்துக்கும் விறகுக்கும் வில்பட்டை எஃகில் அடித்த அரிவாளோ தாவோ சரியானது. துருப்பிடிக்கும்தான், ஆனால் தினமும் கையில் புழங்குவதால் துரு ஊன்ற நேரமிருக்காது, சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். படகுக்கும் மீனுக்கும் துருப்பிடிக்கா எஃகில் சிறிய கத்தி. உப்புநீரில் நாள் முழுக்கக் கிடப்பதென்றால் எச்1 அல்லது எல்சி200என். நடைப்பயணத்துக்கும் முகாமுக்கும் 14சி28என் போன்ற எஃகில் முழுவால் கத்தி. வனேடியம் மிகுந்த விலையுயர்ந்த எஃகுகள் நீண்ட நாள் கூர் காக்கும். ஆனால் வனேடியம் கார்பைடு சாதாரணத் தீட்டுகல்லைவிடக் கடினமானது. மழுங்கினால் வைரக்கல் வேண்டும். சரக்கு கப்பலில் வந்து சேரும் தீவில் அது யோசிக்க வேண்டிய செலவு.

சட்டம்

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவை இதில் சேராது. தோட்டத்து அரிவாள் ஆயுதமாகக் கருதப்படாததற்கு இந்த விலக்குதான் காரணம். விமானத்தில் கத்தியைக் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது. ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல் கத்தியையும் உள்ளடக்கும். எழுத்துமூல அனுமதியின்றி அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுசெல்லக் கூடாது. சிறிய அந்தமானின் பெரும்பகுதி ஓங்கே மக்களின் பழங்குடிக் காப்பகம். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அதற்குள் வெளியாட்கள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சட்டத்துக்கு அப்பால் ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஓடைகளில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. எந்தக் கத்தியும் அவற்றுக்கு எதிரான காவலாகாது. எச்சரிக்கைப் பலகை உள்ள நீரில் இறங்காமல் இருப்பதே காவல்.

தீட்டுதலும் காப்பும்

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. உப்பின்மேல் எண்ணெய் தடவினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய்க்கு அலைய வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பெரும்பங்கு நிறைவுற்றது. மற்ற தாவர எண்ணெய்களைப்போல் சீக்கிரம் பிசினாகாது. மீன் அறுக்கும் கத்தியில் இருந்தாலும் கெடுதலில்லை. படலம் மெல்லியது என்பதால் அடிக்கடி தடவ வேண்டும்.

தீட்டும்போது கோணத்தைக் கண்ணாலேயே பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தினால் 90 டிகிரி. பாதி சாய்த்தால் 45. மீண்டும் பாதி சாய்த்தால் 22.5, பொதுவேலைக் கத்திக்கு அதுவே போதுமான கோணம். மோட்டார் சாணையில் தீட்டுவோர் பொறி பறப்பதைப் பார்த்து மகிழ்வதைவிட வாயின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வாய் நீலம் பாய்ந்தால் அங்கே வெப்பம் 300 டிகிரியை எட்டிவிட்டது. கார்பன் எஃகின் தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது. அடிக்கடி தண்ணீரில் முக்கியெடுத்தால் இது நேராது.

துருப்புள்ளி கண்டவுடன் நுண் உப்புத்தாளால் தேய்த்தெடுத்தால் குழி ஆழமாகாது. வாயில் விழுந்த சில்லைத் தீட்டித் தேய்த்துவிடலாம். அலகும் வாலும் சேரும் இடத்தில் விரிசல் தெரிந்தால் மட்டும் அந்தக் கத்தியை வீசக் கூடாது. வீசும்போது அலகு பறந்துபோய் யார்மேலாவது படும். வில்பட்டை எஃகானால் அதையும் குப்பையில் போட வேண்டியதில்லை. பட்டறையில் விரிசலை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் காய்ச்சியடித்து, மறுபடி தோய்த்தால் மீன் அறுக்க ஒரு சிறு கத்தி கிடைக்கும்.